முதல் ஓட்டத்தில் தோற்றவை

சோதனைக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். வேலையில் இருந்த முப்பத்தொரு வருடங்களில் என் கருத்தை இவ்வளவு மரியாதையாக யாரும் கேட்டதில்லை. ஓய்வுபெற்றவன் சொல்வதைக் கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருக்கலாம் என்பது இதில் உள்ள வசதி.

உங்கள் கையில் இருக்கும் நடைமுறைக் கையேட்டின் ஏழாம் பகுதி, நான்காம் பிரிவைத் திறந்து பாருங்கள். இப்போது அங்கே இரண்டே வாக்கியங்கள் இருக்கும். அவற்றுக்கு முன்னால் அந்த இடத்தில் வேறொரு விதி இருந்தது. தோல்வியுற்ற சோதனையை மூன்று முறை வரை மீண்டும் ஓட்டலாம், அதில் ஒரு முறை தேறினாலும் அது தேறியதாகவே கொள்ளப்படும் என்பது அந்த விதி. எழுதியவன் நான்தான். எழுதிய அன்று எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. கேட்க நியாயமாக இருந்தது. எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஒரு விதி எல்லாருக்கும் பிடித்திருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த விதி எப்படிப் போயிற்று என்பதைச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் குரோம்பேட்டைக் கட்டடத்தில் இருந்தோம். அறுவை சிகிச்சை முடிந்த நோயாளிக்கு வலி மருந்து செலுத்தும் பம்புக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். நோயாளியின் கையில் ஒரு பொத்தான் இருக்கும். வலித்தால் அவரே அமுக்குவார். ஒரு சிறிய அளவு மருந்து இறங்கும். அதன்பின் பத்து நிமிடத்துக்கு எத்தனை முறை அமுக்கினாலும் பம்ப் ஒரு கீச்சொலி எழுப்பிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிட மறுப்புதான் அந்தக் கருவியின் உயிர். மறுக்க வேண்டிய இடத்தில் கொடுத்துவிட்டால் நோயாளிக்கு மூச்சு மந்தமாகும். அதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பம்பைச் சோதிக்கும் டெஸ்ட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் நான்கு நாள் ஆகும். ஆகவே ஆறு பெரிய கணினிகளை வாங்கி, அவற்றை ஹோஸ்ட் என்று அழைத்தோம். ஒவ்வொரு ஹோஸ்ட்டின் வயிற்றுக்குள்ளும் பன்னிரண்டு பொய்க் கணினிகள், அதாவது வி.எம்.கள். ஒவ்வொரு வி.எம்.மும் தனக்கென்று ஒரு முழு இயந்திரம் இருப்பதாக நம்பிக்கொண்டு ஒரு பம்பாக நடிக்கும். எழுபத்திரண்டு பம்புகள் ஒரே சமயத்தில் ஓடும். காலையில் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். பெரிய திரையில் தேறியது பச்சை, தோற்றது சிவப்பு.

சிவப்பு எப்போதும் இரண்டு மூன்று இருக்கும். குழுவில் யாரும் பதறுவதில்லை. 'ஃப்ளேக்கி சார்' என்பார்கள். காரணமில்லாமல் சில சமயம் தேறும், சில சமயம் தோற்கும் டெஸ்ட்டுக்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர். மறு ஓட்டத்துக்கான 'ரீரன்' பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். திரும்பி வரும்போது பச்சையாக இருக்கும். டீக்கும் பச்சைக்கும் ஏதோ தொடர்பு இருப்பதாகவே பலர் நம்பினார்கள்.

இந்த ஆறு ஹோஸ்ட்டுகளையும் ஒரே ஒருவர் பார்த்துக்கொண்டார். குழுவினர் அவரை ஹோஸ்ட் அக்கா என்பார்கள். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். முப்பத்தைந்து வயதிருக்கும். ஏஜென்சி வழியாக வந்த ஒப்பந்த ஊழியர். நிரந்தர ஊழியர்களின் அடையாள அட்டைக்கு நீல நாடா, ஒப்பந்தக்காரர்களுக்கு மஞ்சள் நாடா. யார் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதைக் கூட்டத்தில் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ள அது ஏற்பாடு. அக்கா முடிச்சூரிலிருந்து தாம்பரம் வரை ஸ்கூட்டரில் வந்து, அங்கிருந்து ரயிலில் குரோம்பேட்டைக்கு வருவார். வெளியே நூறு டிகிரி வெயில் கொளுத்தும்போது, ஹோஸ்ட் அறையின் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவரை நான் முதலில் கவனித்தது அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த புதிதில். ஹோஸ்ட் அறையைக் கீழ்த்தளத்தில் வைப்பதாகத் திட்டம். ஏற்றி இறக்கச் சுலபம், ஏசிக்கும் நல்லது. மஞ்சள் நாடா போட்ட ஒரு பெண் எழுந்து, மேலே வைக்க வேண்டும் என்றார். அதற்கு நான் ஒன்பது படிவங்கள் நிரப்பச் சொன்னேன். விதிப்படி ஒன்பதுதான். ஒன்பதையும் மறுநாளே நிரப்பிக் கொண்டுவந்தார்.

"காரணம்னு போட்ட இடத்துல ஒரு போட்டோதானேம்மா ஒட்டியிருக்கீங்க?"

"எங்க வீட்டு ஹால் சுவர் சார். தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு கறை இருக்கு பாருங்க. ஃபேன் ரெகுலேட்டருக்கு மேல."

"அதுக்கப்புறம் பெயின்ட் அடிக்கலையா?"

"மத்த சுவருக்கெல்லாம் அடிச்சாச்சு. இதை மட்டும் விட்டு வெச்சிருக்கோம். அடிச்சுட்டா மறந்துடுவோம் சார்."

அறை முதல் மாடிக்குப் போயிற்று. பின்னால் ஒரு மார்கழிக்கு முந்தைய மழையில் எங்கள் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வரவேற்பறை சோபா மிதந்தது. மேலே ஆறு ஹோஸ்ட்டுகளும் ஒன்றும் தெரியாததுபோல் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் அந்த ஒன்பது படிவங்களை நினைவுகூரவில்லை. நான்கூட, கோப்பில் சரியாக வைத்திருந்தேனே தவிர, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

பம்பின் புதிய பதிப்பு அன்று மாலை நான்கு மணிக்கு வாடிக்கையாளருக்குப் போக வேண்டும். அந்தப் பதிப்பின் பெரிய புதுமை, பம்ப் தன் கடிகாரத்தைத் தானே வைத்துக்கொள்ளாமல் மருத்துவமனை நெட்வொர்க்கிலிருந்து சரியான நேரத்தை வாங்கிக்கொள்ளும் என்பது. செவிலியர்கள் கடிகாரம் திருத்தும் வேலை மிச்சம். வெளியீட்டுச் சான்றிதழில் கடைசிக் கையெழுத்து என்னுடையது.

அன்று காலை பதினொரு மணிக்கு எனக்கு ஒரு தானியங்கி மின்னஞ்சல் வந்தது. ஹோஸ்ட்டுகளின் ஹார்ட் டிஸ்க்கில் இடம் தீர்ந்துகொண்டிருக்கிறது. பார்த்தால், அனுமதி பெறாத ஒரு கோப்புறை மூன்று வாரமாகப் பெருத்துக்கொண்டே வந்திருக்கிறது. வைத்தவர் ஹோஸ்ட் அக்கா. ஐந்தாம் பகுதி, இரண்டாம் பிரிவின்படி இது எழுத்துமூலம் விளக்கம் கேட்க வேண்டிய குற்றம். நான் உடனே நோட்டீஸ் அடித்து, அச்செடுத்து, கையில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். நடைமுறை தெரிந்தவனுக்கு இதைவிட இனிமையான காலை கிடையாது.

"இது என்னம்மா குப்பை, இவ்வளவு சேர்த்து வெச்சிருக்கீங்க?"

அக்கா நோட்டீஸை வாங்கிப் படித்தார். சரியான பிரிவைத்தான் போட்டிருக்கிறேனா என்று சரிபார்ப்பதுபோல் இருந்தது.

"குப்பையா? இதெல்லாம் தோத்தது சார்."

"என்ன தோத்தது?"

"நீங்க பாஸ்னு கணக்குல எடுத்துக்கிட்டது எல்லாம். ரீரன் அமுக்கினா சிஸ்டம் பழைய ரிசல்ட் மேலயே புதுசை எழுதிடுது. மொதல் ரன்ல என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாமப் போயிடுது. அதான் அழியறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வெச்சேன்."

எடுத்து வைத்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் எதிரே, அந்த நேரத்தில் அந்த ஹோஸ்ட்டில் எத்தனை வி.எம். ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதியிருந்தார். மூன்று வாரத்தில் ஒரே டெஸ்ட் பதினேழு முறை தோற்றிருந்தது. பொத்தானை அமுக்கு, மருந்து இறங்கட்டும், இடைவெளி முடியுமுன் மறுபடி அமுக்கு, பம்ப் மறுக்கிறதா பார் என்கிற டெஸ்ட். பதினேழு முறையும் பம்ப் மறுக்கவில்லை. மருந்து கொடுத்திருந்தது. பதினேழு முறையும் ஹோஸ்ட்டில் பன்னிரண்டு வி.எம். நெரிசல்.

"ஆனா ரீரன்ல எல்லாமே தேறியிருக்கே?" என்றேன்.

"ரீரன் எப்போ சார் ஓடுது? எல்லா டெஸ்ட்டும் முடிஞ்சப்புறம். ஹோஸ்ட்டே காலியா கிடக்கும்போது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "காலையில ஒன்பது மணிக்கு பீச் ஸ்டேஷன் போற மின்சார வண்டியில குரோம்பேட்டையில ஏற முடியலைன்னு ஒருத்தர் சொல்றாரு. நீங்க மத்தியானம் ரெண்டு மணி வண்டியில ஏறிப் பார்த்துட்டு, 'இடம்தான் இருக்கே, அவர் சும்மா சொல்றாரு'ன்னு எழுதிட்டு வர்றீங்க. மூணு தடவை வேற ஏறிப் பார்க்கறீங்க."

இருபது வருடம் ஒன்பது மணி வண்டியில் வந்தவன் நான். நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். திரும்ப வாங்கிக்கொள்வதற்கும் ஒரு படிவம் உண்டு. அன்றைக்கு அதை நிரப்பவில்லை.

இரண்டு மணிக்கு பம்ப் ப்ராஜெக்ட் மேனேஜரின் அறையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். மேனேஜர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை சுலபமாக இருந்திருக்கும். கூர்மையான ஆள், அன்றைக்குச் சொன்னதில் பாதி உண்மையும்கூட.

"சார், நானே ஹோஸ்ட்டோட லாக் பதிவெல்லாம் பார்த்தேன்," என்றார் என்னிடம். "ஹோஸ்ட்ல லோடு ஏறினா ஒரு வி.எம். அப்படியே உறைஞ்சு போயிடுது. அரை நிமிஷம் கழிச்சு முழிக்குது. முழிச்சதும் ஹோஸ்ட் அதோட கடிகாரத்தைக் கரெக்ட் டைமுக்குத் தள்ளி விடுது. டெஸ்ட்டுல பத்து நிமிஷத்தை இருபது செகண்டா சுருக்கித்தானே வெச்சிருக்கோம்? கடிகாரம் குதிச்சதும் இடைவெளி முடிஞ்சு போச்சுன்னு பம்ப் நினைக்குது. இது வி.எம். பிரச்சனை. ஆஸ்பத்திரியில பம்ப் வி.எம்.ல ஓடப் போறதில்ல."

பிறகு அக்காவைப் பார்த்தார். "ஃப்ராங்கா சொல்லணும்னா மேடம், உங்க ஹோஸ்ட் ஸ்டேபிளா இல்லைங்கறதுதான் இதுல எனக்குத் தெரியுது. மாசக் கடைசியோட இந்த ஆறையும் எடுத்துட்டு வெளியில வாடகைக்குப் போயிடலாமான்னு ஏற்கெனவே யோசிச்சுக்கிட்டு இருக்கோம். உங்களுக்கும் மெயில் வந்திருக்கும்."

வந்திருந்தது. எனக்கும் நகல் வந்திருந்தது. ஹோஸ்ட்டுகள் போனால் அவற்றைப் பார்த்துக்கொள்பவரும் மாதக் கடைசியில் போக வேண்டியதுதான். அந்த நேரத்தில் எவரும் சொல்லக்கூடியது, ஹோஸ்ட் நன்றாகத்தான் இருக்கிறது என்பது. நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். தடித்த கோப்பு ஒன்றும் இணைத்திருப்பேன்.

அக்கா சொன்னது இது:

"ஹோஸ்ட்டாலதான் குதிச்சுது சார். ஒத்துக்கறேன். பன்னிரண்டு ஏத்தினது அதிகம், எட்டுதான் தாங்கும். அது என் தப்புன்னே எழுதிக்குங்க. ஆனா கடிகாரம் குதிச்சதும் பம்ப் ஏன் சார் நம்புச்சு?"

மேனேஜர் லேப்டாப்பை இழுத்து லாக்கை மறுபடி திறந்தார். அக்கா நிறுத்தவில்லை.

"இந்த வெர்ஷன்ல பம்ப் நெட்வொர்க்கைக் கேட்டுத்தானே டைம் வெச்சுக்குது? ஆபரேஷன் தியேட்டர்ல நெட்வொர்க் இல்ல. பம்போட கடிகாரம் கால் மணி நேரம் பின்னாடி இருக்குன்னு வெச்சுக்குங்க. பேஷன்ட்டை வார்டுக்குத் தள்ளிட்டு வர்றாங்க. பம்ப் வார்டு நெட்வொர்க்கைப் பிடிக்குது. கடிகாரம் கால் மணி நேரம் குதிக்குது. அங்க எந்த ஹோஸ்ட் சார் இருக்கு?"

"அது தியரி," என்றார் மேனேஜர். ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை. "நாலு மணிக்கு கஸ்டமர் லைன்ல இருப்பாங்க. ரிசல்ட் எல்லாம் பச்சை. ப்ரொசீஜர்படி எல்லாம் சரி. சார், நீங்களே சொல்லுங்க, ப்ரொசீஜர் நீங்க எழுதினதுதானே?"

ஆம். நான் எழுதியதுதான். ஏழாம் பகுதி, நான்காம் பிரிவு. அதன்படி நான் கையெழுத்துப் போடலாம் என்பது மட்டுமல்ல, போட மறுக்க எனக்கு ஒரு பிரிவும் கிடையாது. முப்பது வருடமாக ஒவ்வொரு சிக்கலிலும் ஒரு பிரிவைக் காட்டித் தப்பித்தவன் நான். அந்த மேசையில் முதல்முறையாக எனக்குக் காட்ட எதுவும் இல்லை. காட்ட இருந்ததெல்லாம் எதிர்ப்பக்கம் இருந்தது. வேர்த்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நான் என் பேனாவை மூடினேன். அதில் வீரம் ஒன்றும் இல்லை. ஒன்பது மணி வண்டி நினைவு போகவில்லை, அவ்வளவுதான்.

"நிஜப் பம்புல பார்த்துட்டுப் போடறேன்," என்றேன்.

"லேப்ல இருந்த பம்ப் எல்லாம் சர்டிபிகேஷனுக்குப் போயிடுச்சே சார். ஒண்ணுகூட இல்ல."

"கீழ ஒண்ணு இருக்கு," என்றார் அக்கா.

இருந்தது. வரவேற்பறையில், விருந்தினர்கள் பார்ப்பதற்காகக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பம்ப், இரண்டு பிளாஸ்டிக் ரோஜாக்களுக்கு நடுவில். அதை எடுக்க நாங்கள் மூவரும் இறங்கியபோது செக்யூரிட்டி எழுந்து நின்றார்.

"இன்னா சார், ஷோகேஸையே தூக்கினு போறீங்க? கேட் பாஸ் கீதா?"

"மாடிக்குத்தான்யா, வெளியில இல்ல."

"மாடின்னாலும் கையெழுத்து போடணும் சார். நீங்க போட்ட ரூல்தான் இது."

போட்டேன். இந்த உலகத்தில் என் விதிகளை மதித்த ஒரே ஆள் அவர்தான்.

மேனேஜரின் மேசையில் வைத்துப் பம்பில் புதிய பதிப்பை ஏற்றக் கால் மணி நேரம் ஆயிற்று. மருந்துக்குப் பதில் சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பினோம். குழாயின் நுனியை கேன்டீன் டம்ளருக்குள் விட்டோம். அக்கா நெட்வொர்க் வயரைச் செருகாமல், பம்பின் கடிகாரத்தைக் கால் மணி நேரம் பின்னால் வைத்தார். மணி மூன்று பத்து.

"நீங்க அமுக்குங்க சார்," என்று பொத்தானை மேனேஜர் கையில் கொடுத்தார்.

மேனேஜர் அமுக்கினார். மோட்டார் முனகியது. டம்ளரில் தண்ணீர் சொட்டியது. மறுபடி அமுக்கினார். கீச். பம்ப் மறுத்தது. மூன்றாம் முறை, கீச்.

"வொர்க் ஆகுதே," என்றார்.

அக்கா வயரைச் செருகினார். திரையின் மூலையில் நேரம் இரண்டு ஐம்பத்தேழிலிருந்து மூன்று பன்னிரண்டுக்குத் தாவியது. இந்த நாடகத்தில் மொத்தம் நடந்தது அவ்வளவுதான், ஒரு மூலையில் சில இலக்கங்கள் மாறின.

"இப்போ அமுக்குங்க."

மேனேஜர் உடனே அமுக்கவில்லை. ஒரு நொடி பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அமுக்கினார். மோட்டார் முனகியது. டம்ளரில் சொட்டியது. யாரும் சொல்லாமலேயே வயரைப் பிடுங்கி, கடிகாரத்தைக் கையாலேயே கால் மணி நேரம் முன்னால் தள்ளி, மறுபடி அமுக்கினார். சொட்டியது. ஐந்து நிமிடத்தில் ஒரு நோயாளிக்கு மூன்று அளவு மருந்து. எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் விழும் சத்தம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

அக்காவின் முகத்தில் வென்ற களை எதுவும் இல்லை. டம்ளரை எடுத்து ஜன்னலோரப் பூந்தொட்டியில் ஊற்றிவிட்டு, ஸ்வெட்டரின் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மேனேஜரைப் பற்றி ஒரு நல்ல விஷயம் சொல்ல வேண்டும். நான்கு மணி வரை காத்திருக்கவில்லை. மூன்று இருபதுக்கே வாடிக்கையாளரை அழைத்து, வெளியீடு இன்று இல்லை, ஒரு குறையைக் கண்டுபிடித்திருக்கிறோம் என்றார். 'கண்டுபிடித்திருக்கிறோம்' என்ற பன்மையில் தன்னையும் சேர்த்துக்கொண்டார். நானும் அதில் இருந்தேன். அக்காதான் அந்தப் பக்கம் இல்லை. ஹோஸ்ட்டுகளில் பன்னிரண்டை எட்டாகக் குறைக்க ஹோஸ்ட் அறைக்குப் போயிருந்தார்.

பம்ப் திருத்தப்பட்டது. திரையில் காட்டும் கடிகாரம் எங்கே குதித்தாலும் கவலைப்படாமல், தானே நொடிகளை எண்ணி இடைவெளி பார்க்கும்படி மாற்றினார்கள். மூன்று வாரம் தாமதம். ஹோஸ்ட்டுகளும் அக்காவும் மாதக் கடைசியைத் தாண்டியும் இருந்தார்கள். ஒப்பந்தத்தை நீட்டிக்கும் கடிதத்தில் மேனேஜர் கையெழுத்துப் போட்டபோது, காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டார். ஒரு டம்ளரின் போட்டோவை ஒட்டிவிடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். ஒட்டவில்லை.

ஏழாம் பகுதி, நான்காம் பிரிவை நான் அடித்துவிட்டேன். புதிதாக என்ன எழுதலாம் என்று மூன்று பக்க வரைவோடு அக்காவிடம் போனேன். படித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு எதுக்கு சார்? மொதல் ரன்ல தோத்தது தோத்ததுதான். ஏன் தோத்துச்சுன்னு ஒருத்தர் எழுதி அவரோட பேரைப் போடற வரைக்கும் ரீரன் கிடையாது. அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான். அந்த இரண்டு வாக்கியங்களைத்தான் நீங்கள் இப்போது படிக்கிறீர்கள்.

அந்தப் பக்கத்தின் அடியில் திருத்த வரலாறு என்று ஓர் அட்டவணை இருக்கும். அதில் எழுதியவர் என்ற கட்டத்தில் என் பெயர் இருக்கிறது. அந்தக் கட்டம் ஊழியர் எண் இல்லாமல் பெயரை ஏற்காது. மஞ்சள் நாடாக்காரர்களுக்கு ஊழியர் எண் கிடையாது. விதியை மீற ஒரு வழி இருந்திருக்கும். எல்லா விதிகளையும் தெரிந்தவனுக்கு அது தெரியவில்லை. நான் செய்த தவறுகளில் பழைய ஏழு-நான்கு பெரியது என்று நீங்கள் நினைக்கலாம். அந்தக் கட்டம்தான் பெரியது. இதை எழுதும் முன் பெயரையாவது போட்டுவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். இப்போது வேறு நிறுவனத்தில், நீல நாடாவோடு இருக்கிறார். "வேணாம் சார். அப்புறம் உங்க பசங்க ஹோஸ்ட் படுத்துச்சுன்னா எனக்குத்தான் போன் பண்ணுவாங்க," என்றார். ஆகவே பெயர் இல்லை. உங்களை அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சென்ற வருடம் எனக்கு இடுப்பில் ஓர் அறுவை சிகிச்சை. சேலையூரில் என் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் உள்ள மருத்துவமனை. மதியம் தியேட்டரிலிருந்து வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாதி மயக்கம், முழு வலி. கையில் ஒரு பொத்தானைத் திணித்திருந்தார்கள். தலையைத் திருப்பிப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது எங்கள் பம்ப்.

அமுக்கினேன். மோட்டார் முனகியது. அந்த முனகலை நான் எங்கேயும் அடையாளம் கண்டுகொள்வேன். செவிலியர் பம்பின் நெட்வொர்க் வயரை எடுத்துச் சுவரில் செருகினார். திரையின் மூலையில் நேரம் தாவியது. எவ்வளவு என்று கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை. தாவியது மட்டும் தெரிந்தது. அந்த நொடியில் வலிகூட மறந்துவிட்டது. நான் மறுபடி அமுக்கினேன்.

கீச்.

"சார், சும்மா சும்மா அமுக்காதீங்க. அமுக்கினாலும் அது குடுக்காது," என்றார் செவிலியர்.

"தெரியும்மா," என்றேன்.

மாலையில் கை கொஞ்சம் வசப்பட்டதும் போனை வாங்கி அக்காவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ஆபரேஷன் முடிந்தது, பக்கத்தில் நம் பம்ப், வயரைச் செருகினார்கள், கடிகாரம் குதித்தது, உடனே அமுக்கிப் பார்த்தேன், கொடுக்கவில்லை.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்டார், ஆனால் இரண்டாவதாக. முதலில் வந்தது இது:

"மொதல் ரன்லயேவா சார்?"

முதல் ரன்லயே என்று பதில் போட்டேன்.